டிஎம்எஃப் இல்லாத பெப்டைடு தொகுப்பு: திண்மநிலை முறையில் பசுமைக் கரைப்பானுக்கு மாறுவது எப்படி?

திண்மநிலைப் பெப்டைடு தொகுப்பில் (ரெசின் எனும் சிறு மணிகளில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடு செய்யும் முறை) குப்பைக்குப் போவதில் பெரும்பங்கு கரைப்பான்தான். வழக்கமான கரைப்பான் டிஎம்எஃப் (டைமீதைல் ஃபார்மமைடு), இனப்பெருக்க நச்சு கொண்டது. 2024இல் வெளியான ஒரு தொழில்துறை ஆய்வின்படி, இந்த முறையில் 1 கிலோ பெப்டைடு செய்யச் சராசரியாக ஏறத்தாழ 13,000 கிலோ பொருள் உள்ளே போகிறது. சாதாரண சிறு மூலக்கூறு மருந்துகளுக்கு இந்த எண் சில நூறுகளில்தான் இருக்கும்.

புதிதாக மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்கிறார்கள்: டிஎம்எஃப் பாட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்து, அதே நேரம், அதே அளவு, அதே நிரலை ஓட்டுகிறார்கள். எச்பிஎல்சி பகுப்பாய்வில் ஒரே சிகரம் வர வேண்டிய இடத்தில் பத்து சிகரங்கள் வருகின்றன. எது தவறியது என்று தெரியாமல் பழைய பாட்டிலுக்கே திரும்பிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக. பெப்டைடைத் தொடுவதற்கு முன்பே, சின்னச் சின்னச் சோதனைகளில் பொருந்தாத கரைப்பான்களைக் கழித்துக்கட்டுகிறோம்.

1. கரைப்பான் செய்யும் நான்கு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

டிஎம்எஃப் ஒரே ஆளாக நான்கு வேலை செய்கிறது: ரெசினை வீங்க வைக்கிறது, அமினோ அமிலத்தையும் இணைப்பு வினைப்பொருள்களையும் கரைக்கிறது, எஃப்மாக் (அமினோ அமிலத்தின் அமீன் முனையைத் தற்காலிகமாகக் காக்கும் தொகுதி) நீக்கத்துக்கு ஊடகமாகிறது, கழுவுகிறது. மாற்றுக் கரைப்பான்களில் இந்த நான்கையும் தனியாகச் சமாளிப்பவை குறைவு.

எனவே ஒரே கரைப்பானைத் தேடாதீர்கள். இணைப்புக்கு ஒரு கலவை, எஃப்மாக் நீக்கத்துக்கு அதே இரண்டு திரவங்களின் வேறு விகிதம், கழுவ மலிவான திரவம் என்று யோசியுங்கள். இணைப்பு வினை முனைவுத்தன்மை (பொலாரிட்டி) குறைந்த ஊடகத்திலும் நன்றாகப் போகும். எஃப்மாக் நீக்கத்துக்கு முனைவுத்தன்மை கூடுதலாக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தாலே பாதித் தடுமாற்றம் போய்விடும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

எஃப்மாக் உள்ள ரிங்க் அமைடு பாலிஸ்டைரீன் ரெசின், ஏற்றம் (ஒரு கிராம் ரெசினில் பெப்டைடு வளரும் இடங்கள்) 0.5 மி.மோல்/கி. அளவில். வடிகட்டித் தட்டு பொருத்திய பாலிப்ரொப்பிலீன் சிரிஞ்சுகள். இணைப்பு வினைப்பொருள்களான டிஐசி (டைஐசோபுரொப்பைல் கார்போடைஇமைடு), ஆக்ஸிமா; எஃப்மாக்கை நீக்கும் காரமான பைப்பெரிடின். 301 நானோமீட்டரில் அளக்கும் யூவி கருவி. வெற்று அமீன் இருந்தால் நிறம் காட்டும் நின்ஹைட்ரின், குளோரனில் சோதனைக் கரைசல்கள். பெராக்சைடு சோதனைப் பட்டை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய டிஎம்எஃப்பும் ஒரு பாட்டில் வேண்டும். அதே ரெசின் தொகுதியில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டாத ஒப்பீடு எதற்கும் உதவாது.

சிரிஞ்சைக் கவனியுங்கள். உந்துதண்டின் நுனியில் கருப்பு ரப்பர் இருந்தால் எத்தில் அசிட்டேட்டில் அது வீங்கி இறுகிக்கொள்ளும். ரப்பர் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன உந்துதண்டு வாங்குங்கள். யூவி அளவீட்டுக்குப் பாலிஸ்டைரீன் குவெட்டும் (மாதிரி ஊற்றும் சிறு குப்பி) கூடாது, கரைந்துவிடும். குவார்ட்ஸ்தான்.

இன்னொன்று: பசுமை என்றால் எல்லா வகையிலும் பாதுகாப்பு என்று பொருளில்லை. டிஎம்எஃப்பின் தீப்பற்று நிலை 58 °செ. எத்தில் அசிட்டேட்டுக்கு −4 °செ. இனப்பெருக்க நச்சு போய், தீ அபாயம் வருகிறது. சூடேற்றி, திறந்த சுடர் இரண்டையும் வேலையிடத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

3. எதை எடுப்பது, எதை விடுவது

முதலில் விட வேண்டியவை. டிஎம்எஃப்புக்குப் பதில் என்எம்பி (என்-மீதைல் பைரோலிடோன்) என்பது மாற்றமே அல்ல. அதுவும் இனப்பெருக்க நச்சு வகைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு என்எம்பிக்கு 2020 மே மாதமும் டிஎம்எஃப்புக்கு 2023 டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தது.

காமா-வலெரோலாக்டோன், புரொப்பிலீன் கார்பனேட் இரண்டும் பார்வைக்கு அருமையானவை. ஆனால் பைப்பெரிடின் இவற்றின் வளையத்தைத் திறந்துவிடும். எஃப்மாக் நீக்கக் கரைசல் பாட்டிலிலேயே வலுவிழந்துகொண்டிருக்கும். வலெரோலாக்டோன் பெப்டைடின் வெற்று அமீனிலும் ஏறலாம், குறிப்பாகக் கிளைசின் போன்ற நெரிசல் இல்லாத முனையில். சிரீன் என்ற கரைப்பானும் காரத்தைத் தாங்காது. நான்கு வேலையில் மூன்றைச் செய்து நான்காவதில் கவிழ்க்கும் கரைப்பான்கள் இவை.

தொடங்குவதற்கு நான் சொல்வது இரண்டே இரண்டு கலவைகள்:

டிஎம்எஸ்ஓவும் (டைமீதைல் சல்ஃபாக்சைடு) எத்தில் அசிட்டேட்டும். இரண்டும் எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும், மலிவு. டிஎம்எஸ்ஓ 18.5 °செ-யில் உறையும் என்பதால், ஏசி பலமாக ஓடும் அறையில் பாட்டில் பாதி கட்டியாகி இருக்கும். அதை முழுக்க உருக்கிக் கலக்காமல் அளந்தால் விகிதம் தவறிவிடும். கையுறை வழியாகவும் தோல் வழியாகவும் மற்ற பொருள்களைச் சுமந்து உள்ளே போகக்கூடியது என்பதும் நினைவிருக்கட்டும்.

என்-பியூட்டைல் பைரோலிடோனும் எத்தில் அசிட்டேட்டும். சுருக்கமாக என்பிபி. என்எம்பியின் உறவுக்கார மூலக்கூறு, ஆனால் இனப்பெருக்க நச்சு வகைப்பாடு இல்லை, கண்ணை எரிக்கும். தனியாகப் பயன்படுத்தினால் டிஎம்எஃப்பைவிடப் பல மடங்கு பாகுத்தன்மை கொண்டது, வடிய நேரமாகும். எத்தில் அசிட்டேட் சேர்த்ததும் சரியாகிவிடும். 1:4 விகிதம் நல்ல தொடக்கம்.

2-மீதைல் டெட்ராஹைட்ரோஃபியூரான் மூன்றாவது வாய்ப்பு. ரெசினை நன்றாக வீங்க வைக்கும். பெராக்சைடு உருவாக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் பட்டையால் சோதிக்க வேண்டும். எளிதில் ஆக்சிஜனேற்றமாகும் மெதியோனின் உள்ள வரிசைகளில் இது முக்கியம்.

4. முதல் சோதனை: ரெசின் வீக்கம்

வினை நடப்பது ரெசின் மணியின் உள்ளே. மணி திறக்காவிட்டால் எவ்வளவு நல்ல வினைப்பொருள் போட்டாலும் வெளித்தோலில்தான் வேலை நடக்கும். அதனால்தான் இந்தச் சோதனை முதலில் வருகிறது.

100 மி.கி. உலர்ந்த ரெசினை 2 மி.லி. சிரிஞ்சில் போட்டு, கரைப்பானை ஊற்றி, 1 மணி நேரம் மெதுவாக ஆட்டுங்கள். வடித்துவிட்டு, அழுத்தாமல், படுகையின் உயரத்தைச் சிரிஞ்சின் கோட்டிலேயே படியுங்கள். 100 மி.கி. ரெசின் 0.5 மி.லி. இடம் பிடித்தால் வீக்கம் 5 மி.லி./கி.

4-க்கு மேல் இருந்தால் நல்லது. 2-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் இணைப்பு நேரத்தைக் கூட்ட வேண்டிவரும். 2-க்குக் கீழே என்றால் அந்தக் கலவையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கலவைகளில் ஒரே விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். டிஎம்எஸ்ஓ : எத்தில் அசிட்டேட் 0:10, 1:9, 2:8, 4:6 என்று வரிசையாக அளங்கள். எதில் உச்சம், எங்கே சரிகிறது என்று ஒரு சின்ன வரைபடம் கிடைக்கும். 6, 7-ஆம் படிகளில் விகிதம் முடிவு செய்யும்போது அதைத்தான் பார்ப்பீர்கள்.

வழக்கமான பிழைகள் இரண்டு. ஒன்று, ரெசினை முதலில் டைகுளோரோமீத்தேனில் வீங்கவைத்துவிட்டு, பிறகு புதுக் கரைப்பானுக்கு மாற்றி அளப்பது. எச்சம் தவறான நம்பிக்கையைத் தரும். இரண்டு, வெற்று ரெசினின் அளவையே முழுத் தொகுப்புக்கும் நம்புவது. பெப்டைடு நீள நீள ரெசினின் குணமே மாறும். கையில் பாதி வளர்ந்த பெப்டைடு-ரெசின் இருந்தால் அதிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பாலிஸ்டைரீன் ஒத்துழைக்காத கரைப்பானில் கெம்மேட்ரிக்ஸ் போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் ரெசின்கள் வீங்கும். விலை கூடுதல். கரைப்பானை மாற்றிப் பார்த்த பிறகே அங்கே போங்கள்.

5. இரண்டாவது சோதனை: கரைதிறன்

ஒவ்வொரு எஃப்மாக் அமினோ அமிலத்திலும் 0.2 மி.மோல் எடுத்து, அதே அளவு ஆக்ஸிமாவுடன் 1 மி.லி. கலவையில் கரையுங்கள். அது 0.2 மோலார். இருபதையும் சோதிக்க நேரமில்லை என்றால் அஸ்பராஜின், குளூட்டமின், ஹிஸ்டிடின் ஆகியவற்றின் ட்ரைட்டைல் வடிவங்கள், அர்ஜினினின் பிபிஎஃப் வடிவம் (பக்கச்சங்கிலி காக்கப்பட்டவை) ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கரைந்ததும் திருப்தி அடைய வேண்டாம். ஓர் இரவு அப்படியே வையுங்கள். தானியங்கிக் கருவியில் பாட்டில்கள் பல மணி நேரம் நிற்கும்; காலையில் அடியில் படிகம் இருந்தால் நடுவழியில் குழாய் அடைபடும் என்று அர்த்தம்.

அடுத்து இன்னொரு குப்பியில் டிஐசியும் சேர்த்து 1 மணி நேரம் பாருங்கள். வினை நடக்கும்போது டைஐசோபுரொப்பைல் யூரியா உருவாகும். முனைவுத்தன்மை குறைந்த கலவைகளில் அது வெள்ளையாகப் படியலாம். படிந்தால் டிஎம்எஸ்ஓ அல்லது என்பிபியின் பங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எச்பிடியூ, எச்ஏடியூ போன்ற உப்பு வகை இணைப்பு வினைப்பொருள்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். எத்தில் அசிட்டேட் மிகுந்த கலவையில் அவை சரியாகக் கரையாது. டிஐசி-ஆக்ஸிமா இணையே இந்த வேலைக்குப் பொருத்தம்.

6. மூன்றாவது சோதனை: எஃப்மாக் நீங்கும் வேகம்

என் கணிப்பில் அதிகமானவர்கள் தவறவிடுவது இந்தப் படிதான். இணைப்பைத்தான் சந்தேகிப்பார்கள், எஃப்மாக் பாதிதான் நீங்கியிருக்கும். நீங்காத எஃப்மாக்குக்கு நின்ஹைட்ரின் நிறம் காட்டாது. அதைப் பார்த்து "இணைப்பு முழுமை" என்று எண்ணிக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். கடைசியில் ஓர் அமினோ அமிலம் விடுபட்ட பெப்டைடு கிடைக்கும்.

எஃப்மாக் உள்ள ரெசின் 10 மி.கி., அதாவது 5 மைக்ரோமோல். அதில் புதுக் கலவையில் 20% பைப்பெரிடின் 1 மி.லி. ஊற்றுங்கள். 1, 3, 5, 10, 20 நிமிடங்களில் 10 மைக்ரோலிட்டர் திரவம் எடுத்து, 1 மி.லி. ஆகும்வரை நீர்த்து, 301 நா.மீ.-இல் அளங்கள். வெற்று அளவீட்டுக்கு அதே பைப்பெரிடின் கலவையை அதே அளவு நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

நீங்கிய எஃப்மாக்கிலிருந்து உருவாகும் டைபென்சோஃபல்வீன்-பைப்பெரிடின் சேர்மத்தின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 7,800. முழுதும் நீங்கியிருந்தால் நீர்த்த கரைசல் 50 மைக்ரோமோலார், எனவே உறிஞ்சல் 0.39 அருகில் வரும். டிஎம்எஃப்பில் சில நிமிடங்களில் இந்த இடத்தை அடைவீர்கள். எத்தில் அசிட்டேட் மிகுந்த கலவையில் எண் மெதுவாக ஏறும். ஏறுவது நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் முறையில் அதன் இரு மடங்கை வையுங்கள்.

மிக மெதுவாக இருந்தால் நேரத்தை நீட்டுவதற்கு முன் விகிதத்தை மாற்றுங்கள். இணைப்பு 1:9 என்றால் நீக்கம் 4:6 போல. நேரத்தை மட்டும் நீட்டினால் காரத் தொடர்பு நீளும்; ஆஸ்பார்டிக்-கிளைசின் உள்ள வரிசையில் ஆஸ்பார்ட்டிமைடும், இரண்டாவது அமினோ அமில நிலையில் டைகீட்டோபைப்பரசீனும் ஆகிய பக்கவிளைபொருள்கள் பெருகும்.

பைப்பெரிடின்-எத்தில் அசிட்டேட் கரைசலை அன்றன்று தயாரியுங்கள். எஸ்டரும் அமீனும் நாளடைவில் வினைபுரியும். வெண்மையான கலங்கல் தெரிந்தால் பெரும்பாலும் அது கார்பமேட் உப்பு. எஃப்மாக் நீங்கும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடிலிருந்து வருவது, முனைவுத்தன்மை குறைந்த ஊடகத்தில் கரையாமல் வடிகட்டித் தட்டை அடைக்கும். இதற்கும் மருந்து விகிதத்தை மாற்றுவதுதான்.

7. இணைப்பு

0.1 மி.மோல் அளவுக்கு 200 மி.கி. ரெசின். அமினோ அமிலம், ஆக்ஸிமா, டிஐசி ஒவ்வொன்றும் 0.3 மி.மோல், மொத்தம் 1.5 மி.லி. கலவையில். அமிலத்தையும் ஆக்ஸிமாவையும் கரைத்து, டிஐசி சேர்த்து, 2 நிமிடத்தில் ரெசின்மேல் ஊற்றுங்கள். 1 மணி நேரம் ஆட்டுங்கள்.

டிஐசியும் ஆக்ஸிமாவும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு சிறிதளவு வெளிவரும். 2019இல் இது அறிக்கையிடப்பட்டது. டிஎம்எஃப்பிலும் இது நடக்கிறது. எவ்வளவு வரும் என்பது கரைப்பானைப் பொறுத்து மாறும். எனவே நீண்ட முன்செயலாக்கம் (ரெசின்மேல் ஊற்றுமுன் கலந்து வைத்திருப்பது) வேண்டாம், வேலை முழுக்கப் புகைக்கூண்டுக்குள், கழிவு பாட்டிலை இறுக மூடவும் வேண்டாம். பெரிய அளவில் செய்பவர்கள் டைமீதைல் ட்ரைசல்ஃபைடைச் சேர்த்து அதைப் பிடிக்கிறார்கள், அல்லது டிஐசிக்குப் பதில் டெர்ட்-பியூட்டைல் எத்தில் கார்போடைஇமைடைப் பயன்படுத்துகிறார்கள்.

வேகம் போதவில்லை என்றால் என்பிபி கலவையை வெந்நீர்த் தொட்டியில் 45 °செ வரை சூடாக்கலாம், பாகுத்தன்மையும் குறையும். மூடிய சிரிஞ்சில் எத்தில் அசிட்டேட்டைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும், அவ்வப்போது திறந்து விடுங்கள். ஹிஸ்டிடின், சிஸ்டீன் இணைப்புகளில் சூடு வேண்டாம், கைத்தன்மை (மூலக்கூறின் இட-வல அமைப்பு) கெடும்.

டிஎம்எஸ்ஓவும் கார்போடைஇமைடும் அமிலச் சூழலில் வெற்று ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியவை. ஆகவே பக்கச்சங்கிலி காக்கப்படாத செரின், த்ரியோனினை இந்தக் கலவையில் போடாதீர்கள்.

8. கழுவுதல்: உண்மையான மிச்சம் இங்கேதான்

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் ஒரு சுற்றுக்கு இணைப்பு 1.5 மி.லி., எஃப்மாக் நீக்கம் இரண்டு முறை 2 மி.லி. நீக்கத்துக்குப் பின் 5 முறை, இணைப்புக்குப் பின் 4 முறை, ஒவ்வொன்றும் 3 மி.லி. கழுவினால் 27 மி.லி. மொத்தம் 32.5 மி.லி.-இல் கழுவுதலே 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதைத் தொடாமல் கரைப்பானின் பெயரை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இணைப்புக்குப் பின் கழுவுவதைக் குறைக்கத் தயங்க வேண்டாம். மிச்சமிருக்கும் செயலூக்கப்பட்ட எஸ்டரைப் பைப்பெரிடின் உடனே தின்றுவிடும். அதனால் வடிக்காமலே, இணைப்புக் கலவைமேல் பைப்பெரிடினை 20% ஆகும்படி நேரடியாகச் சேர்க்கலாம். ஒரு முழுக் கழுவுதல் தொகுதியே காணாமல் போகும். இதே வழியில் இன்னும் தூரம் போன முறைகளும் உண்டு: 2023இல் வந்த ஒன்று, எளிதில் ஆவியாகும் பைரோலிடினைச் சூட்டில் வாயு ஓட்டத்தால் வெளியேற்றி, கழுவுதலையே நீக்கி, கழிவை 95% வரை குறைத்தது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

எஃப்மாக் நீக்கத்துக்குப் பின் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பைப்பெரிடின் மிஞ்சினால் அடுத்து வரும் அமினோ அமிலத்தை விழுங்கும். அதன் எஃப்மாக்கையும் கழற்றும். ஒரே அமினோ அமிலம் இரண்டு முறை ஏறிவிடும்.

எத்தனை முறை போதும் என்பதை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ஒவ்வொரு கழுவு திரவத்தையும் தனித்தனியே பிடித்து 301 நா.மீ.-இல் படியுங்கள், அல்லது ஒரு சொட்டைக் குளோரனில் சோதனைக்குக் கொடுங்கள். பைப்பெரிடின் இருந்தால் நீலமாகும். ஒரே பெரிய கழுவலைவிட, படுகையை மூடும் அளவு மட்டும் ஊற்றி முழுக்க வடிக்கும் சிறு கழுவல்கள் நன்றாக வேலை செய்யும். கழுவத் தனி எத்தில் அசிட்டேட் போதுமா என்று 4-ஆம் படியின் வரைபடத்தில் பாருங்கள். ரெசின் சுருங்கினால் பைப்பெரிடின் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படியானால் முதல் இரண்டு கழுவல் கலவையால், கடைசி ஒன்று எத்தில் அசிட்டேட்டால்.

9. முதல் முழு ஓட்டம்

இப்போதுதான் பெப்டைடு. நேரடியாக உங்கள் திட்டத்தின் முப்பது அமினோ அமில வரிசைக்குப் போகாதீர்கள். சாதாரண லியூ-என்கெஃபலினும் (எளிய ஐந்து அமினோ அமிலப் பெப்டைடு) வேண்டாம். அது எந்தக் கரைப்பானிலும் வந்துவிடும், எதையும் சொல்லாது.

சரியான சோதனை: டைரோசின்-ஏஐபி-ஏஐபி-ஃபினைல்அலனின்-லியூசின் அமைடு. நெரிசலான இரண்டு ஏஐபி (அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம்) அடுத்தடுத்து வருவதால், இணைப்பு பலவீனமாக இருந்தால் ஒரு ஏஐபி விடுபட்ட பெப்டைடு தெளிவாகத் தெரியும். நிறைமாலையில் முழுப் பெப்டைடு 611.4, ஒரு ஏஐபி குறைந்தது 526.3. டிஎம்எஃப்பிலும் புதுக் கலவையிலும் ஒரே நாளில், ஒரே நேரங்களுடன் ஓட்டுங்கள். டிஎம்எஃப்பிலேயே சுத்தமாக வராது; ஒப்பீடுதான் முக்கியம்.

இது தேறினால் அடுத்தது ஏசிபி (அசைல் கேரியர் புரதம்) 65–74 என்ற பத்து அமினோ அமில வரிசை.

வேலையை இரவு நிறுத்த வேண்டுமா? எஃப்மாக்கோடு நிறுத்துங்கள். வெற்று அமீனை எத்தில் அசிட்டேட்டில் ஊறவிட்டால் அசிட்டைல் ஏறும் வாய்ப்பைத் தேவையில்லாமல் தருகிறீர்கள்.

10. ரெசினிலிருந்து பிரித்தல்

டிஎம்எஸ்ஓ பயன்படுத்தியிருந்தால், பெப்டைடைப் பிரிக்கும் அமிலமான டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) ஊற்றுமுன் அது ஒரு துளி கூட இருக்கக் கூடாது. அமிலத்தில் டிஎம்எஸ்ஓ ஆக்சிஜனேற்றி. சிஸ்டீன், மெதியோனின், ட்ரிப்டோஃபேன் மூன்றும் மாட்டும். எத்தில் அசிட்டேட்டால் நான்கைந்து முறை, பிறகு ஐசோபுரொப்பனாலால் இரண்டு முறை கழுவுங்கள். ஐசோபுரொப்பனாலில் ரெசின் சுருங்கும்போது உள்ளே இருப்பது பிழிந்து வெளியேறும். அப்புறம் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். கொதிநிலை 241 °செ உள்ள என்பிபியும் வெற்றிடத்தில் போகாது, கழுவித்தான் போக்க வேண்டும்.

டிஎஃப்ஏ, ட்ரைஐசோபுரொப்பைல்சைலேன், நீர் 95:2.5:2.5, 2 மணி நேரம். படிய வைக்க டைஎத்தில் ஈதருக்குப் பதில் சைக்ளோபென்டைல் மீதைல் ஈதர் பயன்படுத்தலாம். கொதிநிலை 106 °செ, பெராக்சைடு உருவாவதும் குறைவு. 2-மீதைல் டெட்ராஹைட்ரோஃபியூரான் இதற்கு உதவாது, பெப்டைடு அதில் கரையும். ஐந்து அமினோ அமிலச் சோதனைப் பெப்டைடு முழுதாகப் படியாமல் போகலாம். மேல் திரவத்தை எச்பிஎல்சியில் பார்க்கும்வரை கொட்டாதீர்கள்.

11. நிறைமாலையைப் படித்து எந்தப் படிக்குத் திரும்புவது

ஒரு அமினோ அமிலம் குறைவு: 6-ஆம் படிக்குப் போய் எஃப்மாக் நீக்கத்தை முதலில் சரிபாருங்கள், அதில் பிழையில்லை என்றால்தான் 7.

ஒரு அமினோ அமிலம் கூடுதல்: 8, பைப்பெரிடின் மிஞ்சியிருக்கிறது.

−18 (எதிர்பார்த்த நிறையிலிருந்து வேறுபாடு): ஆஸ்பார்ட்டிமைடு. +67: அதையே பைப்பெரிடின் திறந்தது. இரண்டுக்கும் நீக்க நேரத்தையும் விகிதத்தையும் பாருங்கள்.

+42: அசிட்டைல் ஏற்றம், எத்தில் அசிட்டேட்டில் நின்ற நேரம். +16: ஆக்சிஜனேற்றம், டிஎம்எஸ்ஓ எச்சம் அல்லது ஈதரின் பெராக்சைடு.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கழிவைப் பிரித்துச் சேருங்கள்: எத்தில் அசிட்டேட் கழுவல்களை வடித்துத் திரும்பப் பெற முடியும், என்பிபியை அவ்வளவு எளிதாக முடியாது. டிஎம்எஸ்ஓ உள்ள கழிவை அமிலக் குளோரைடு, பெர்குளோரிக் அமிலக் கழிவுகளோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, அந்தக் கலப்பு வெடிக்கக்கூடியது. பாட்டில்மேல் உள்ளே இருப்பதை முழுப் பெயரில் எழுதி ஒட்டுங்கள்.